செங்கம்மாளின் நேரடிப் பொங்கல்

கடப்பாக்கத்தில் எங்கள் சமுதாய வானொலியின் ஒலிபரப்புப் பதிவேட்டை நான் எழுதிவருகிறேன். அதில் செங்கம்மாளின் பெயர் முதலில் வருவது 2018 ஜூலை 9-ஆம் தேதி. அங்கன்வாடி உதவியாளரான அவர், சொட்டு மருந்து அறிவிப்புச் சீட்டைக் கொடுக்க வந்தார். வாசிக்க வேண்டியவர் வரவில்லை, தாமே வாசித்தார். அன்று முதல் மாலை நிகழ்ச்சி அவருடையது.

அவருக்கு ஒரே ஆசை. ஒரு பண்டிகை நாளிலாவது நேரடியாகப் பேச வேண்டும். நிலையப் பொறுப்பாளர் ஸ்டான்லி விடவில்லை. முன்கூட்டியே பதிவு செய்துவைத்து, பண்டிகையன்று கணினியை ஓடவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். ஆறு ஆண்டுகளில் பதினேழு பண்டிகைகள் அப்படியே கழிந்தன.

2024 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை டிசம்பர் 12-ஆம் தேதி பதிவு செய்தோம். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. செங்கம்மாள் சன்னல் பக்கம் திரும்பி, “அடியே, மழ வருது, கருவாட்ட வாரி உள்ள போடுங்கடீ!” என்று கத்தினார். அதை வெட்ட வேண்டும் என்று பதிவேட்டில் குறித்தேன். பதிவேட்டை யாரும் படிப்பதில்லை.

25-ஆம் தேதி காலை 10.20. சுள்ளென்ற வெயிலில், மீனவர் தெருப் பெண்கள் காயப்போட்ட கருவாட்டை வாரிக்கொண்டு ஓடினார்கள்.

மறுநாள் அவர்களில் ஒருவரான அன்பரசி கருவாட்டுக் கூடையோடு நிலையத்துக்கே வந்துவிட்டார்.

“இன்னாக்கா, வானத்துல பொட்டு மேகம் இல்ல. ஒன் ரேடியோவுல மட்டும் மழ பேஞ்சிகினு கீது!”

“அது பன்னெண்டாந்தேதி மழடீ. நேத்துதான் வந்து சேந்துச்சு.”

ஸ்டான்லி தலையில் கைவைத்துக்கொண்டார். செங்கம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

“நேரடியா வுட்டிருந்தா வெயில்னு சொல்லியிருப்பேன் சார். பொங்கலுக்கு நானே வரேன்.”

“உங்க வீட்ல பொங்கல் யாரு வெப்பாங்க?”

“இங்கியே வெக்கிறேன்.”

ஸ்டான்லி ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். ஒலிபரப்பில் பத்து நொடி சத்தமில்லாமல் போனால், இனி எல்லாப் பண்டிகையும் பதிவுதான்.

ஜனவரி 14. நிலைய முற்றத்தில் மூன்று கல் அடுப்பு, மண்பானை. சன்னல் வழியே நீண்ட கம்பியில் மைக். சுற்றிலும் அன்பரசியையும் சேர்த்துப் பதினொரு பெண்கள். 7.30-க்குத் தொடங்கிய செங்கம்மாள் நிறுத்தவே இல்லை. கரும்பு, கடல்காற்று, எந்த வீட்டுக் கோலம் கோணல் என்பது வரை பேசினார்.

8.17-க்குப் பால் பானை விளிம்புக்கு ஏறியது. அவர் வாய் தானாக நின்றது. அன்பரசி கூட மூச்சு விடவில்லை. அத்தனை கண்ணும் பானையில். ஸ்டான்லியின் கண் மட்டும் என் நிறுத்துக் கடிகாரத்தில். ஏழு. எட்டு. ஒன்பது.

“பொங்கலோ பொங்கல்!” பன்னிரண்டு குரலும் ஒன்றாக வெடித்ததில் ஒலி அளவு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் செங்கம்மாள் முதல் தொன்னையை ஸ்டான்லியிடம் நீட்டினார்.

“ஒரு செகண்டுல தப்பிச்சீங்க,” என்றார் அவர்.

“அது போதும் சார்.” என் பக்கம் திரும்பினார். “ஐயா, சித்திர ஒண்ணுக்கும் எம் பேர எழுதிக்கங்க.”

ஸ்டான்லியைப் பார்த்தேன். வாய் நிறையப் பொங்கல். தலை மட்டும் அசைந்தது. எழுதினேன்: ஏப்ரல் 14, நேரடி.