ஞானதாஸ் வெட்டிவிட்ட வேலி

ஞானதாஸ் இறந்த செய்தி வந்தபோது நான் ஆரல்வாய்மொழி டீக்கடையில் பத்துப் பேரை உட்காரவைத்து, இந்த மலையடிவாரத்துக்குக் கரண்டு எடுக்கும் காற்றாடியைக் கொண்டுவந்தவனே நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய மகன் பிரின்ஸ் போனில், "மாமா, அப்பா போயிட்டாவ" என்றான். பேச்சைப் பாதியில் நிறுத்தினேன். அது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

லைன்மேன் ஞானதாஸை உங்களில் பலர் மின்கம்பத்தின் உச்சியில்தான் பார்த்திருப்பீர்கள். அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர், நான் எட்டு. ஆனாலும் உலக விஷயத்தில் நாம் சமம் என்று அவரே சொல்லியிருக்கிறார். சொல்லாவிட்டாலும் நினைத்திருப்பார்.

2004 வாக்கில் வெளியூர்க் கம்பெனிகள் காற்றாடி நட நிலம் தேடி வந்தன. நான் தரகன். விரலை நனைத்து உயர்த்தி நான் காற்றின் வேகத்தைச் சொன்னதும், டென்மார்க் எஞ்சினீயர் ஒருவர் தன் கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். "நிலத்தைக் கொடுங்கள், இனி ஊரில் கரண்டே போகாது" என்று வீடு வீடாகச் சொன்னேன். நானே அதை நம்பினேன். என் நிலத்தைத்தான் முதலில் எழுதிக் கொடுத்தேன்.

அந்த வருஷம் சபையின் அசன விருந்தில் ஊரே பந்தியில் இருந்தது. நான் மைக்கைப் பிடித்து, "இனி நம்ம ஊருக்கு இருட்டே கிடையாது" என்றேன். மைக் செத்தது. கரண்டு போய்விட்டது. மலையடியில் காற்றாடிகள் தம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன.

சாம்பார் வாளியோடு நின்ற ஞானதாஸ், "வேய், காத்து நம்ம ஊருக்குள்ள வருது, கரண்டு நம்ம தலைக்கு மேல போவுது" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது.

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். கரண்டு பெரிய லைனில் சேர்ந்துவிடும். அதன் பலன் எங்கோ இருக்கிற கம்பெனிக்காரர்களுடைய மில்லுக்குப் போகும். காற்றாடி வைத்தால் வருமான வரியிலும் பெரிய சலுகை. "சலுகைக்கு விசிறி சுத்தணும்னுகூட இல்ல வேய். நட்டாப் போதும்." எனக்கு முன்பே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினேன்.

அடுத்து கம்பெனி அவருடைய இரண்டு ஏக்கரைக் கேட்டது. என்னைத்தான் அனுப்பினார்கள்.

"ஓய், நல்ல விலை. பேரனுக்குப் பேரன் இருந்து சாப்பிடலாம்."

"எங்க இருந்து சாப்பிடுவான்? இருக்க இடத்தைத்தான நீரு கேக்கீரு?"

"அப்போ என்னதான் சொல்ல?"

"வாடகைக்கு வரச் சொல்லும். காத்தை அவன் எடுக்கட்டும், மண்ணு எனக்கு இருக்கட்டும்."

வாடகைப் பேச்சே வேண்டாம் என்று கம்பெனிக்காரர்கள் போய்விட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. ஆலயத்தில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அந்த ஆறு மாதத்துக்குள் கம்பெனி, நான் விற்ற நிலத்தைச் சுற்றிக் கம்பி கட்டி, கேட்டில் பூட்டுப் போட்டது. அதற்குப் பின்னால்தான் என் தென்னந்தோப்பும், இன்னும் பத்து வீட்டாரின் விளைநிலமும். பத்திரத்தில் பாதை விட்டு எழுத நான் மறந்திருந்தேன். மாவட்டத்தில் பாதி நிலத்தைக் கைமாற்றிவிட்ட தரகன், தன் பாதையை மறந்தான். கேட்டுக்கு வெளியே மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பேச்சைக் கேட்டு விற்றவர்களும் நின்றார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்து நிலத்திலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. ஞானதாஸ் தன்னுடைய வேலிக் கம்பியைக் கட்டிங் பிளேயரால் வெட்டிக்கொண்டிருந்தார். தோப்புப் பக்கம் மாட்டு வண்டி போகும் அகலத்துக்கு வெட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன வேய் பாக்கீரு? இந்த வழியா மாட்டைப் பத்தும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. நானாக இருந்தால் தினமும் சொல்லியிருப்பேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பிரின்ஸ் வந்தான். "மாமா, கம்பெனிக்காரங்க திரும்பவும் கேக்காங்க. குடுத்திரலாமா?"

இந்தக் கேள்விக்கு என் நாக்கு ஒரே பதிலைத்தான் பழகியிருக்கிறது. அன்று அது வரவில்லை.

"விக்காத மக்கா. வேணும்னா வாடகைக்கு வரட்டும். அப்பவும் பாதையை விட்டு எழுது."

நிலத்தை விற்காமல் வாடகைக்கு விடும் யோசனை என்னுடையது என்று டீக்கடையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது ஞானதாஸுடையது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது வண்டி அகலத்தில் ஒரு பாதை. இன்று காலையும் அதன் வழியாகத்தான் தோப்புக்குப் போனேன்.