எந்த ஓரத்தில் நிற்பது

கம்பெனிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியில் எங்கள் அணி அரையிறுதிக்கு வந்திருந்தது. காலை ஷிப்டுக்கு ஒரகடம் போகும் பஸ்ஸில் எதிரணியைப் பற்றித்தான் பேச்சு.

"அவனுங்க இன்னா பெரிய டீமா? டிபென்ஸே ஓட்டையா கீது," என்றார் தண்டலத்துக்காரர்.

"அத விடுங்கண்ணே. லெப்ட் விங்குல வாரவன் யாருன்னு தெரியும்லா?" என்றான் திருநெல்வேலியிலிருந்து வந்த என் ரூம்மேட்.

எல்லோருக்கும் தெரியும். போன வருடம் எங்கள் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவன் அவன். இதே போட்டியில் எங்களுக்குக் கோப்பை வாங்கித் தந்தவன். அவன் ஓடும் ஓரமாகவே நின்று தொண்டை கிழியக் கத்தினோம். அடுத்த மாதமே கான்ட்ராக்ட் முடிந்தது என்று கம்பெனி கேட்டில் அவனுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே நுழைந்த எங்கள் பஸ்ஸை அவன் நிமிர்ந்து பார்த்தான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் செல்போனைப் பார்த்தோம். நானும்தான். இதில் யோக்கியன் வேஷம் போட எனக்கு இஷ்டமில்லை.

"அப்போ ஞாயித்துக்கிழம நாம எங்க நிக்க?" என்றான் ரூம்மேட்.

தண்டலத்துக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவங்க கோல் போஸ்டாண்ட நின்னுக்கலாம்பா. அங்கேர்ந்து அவன் முதுகுதான் தெரியும்."

எல்லோரும் சரி என்றோம்.