இருபத்தெட்டு மாப்பிள்ளைகளை அழித்தவன்

ஏழாம் வகுப்புப் படிக்கும்போதே நான் இருபத்தெட்டு மாப்பிள்ளைகளைத் தீர்த்துக்கட்டியவன். அதுவும் ஒரே அமுக்கில்.

அப்போது மயிலாப்பூரில், சாந்தோம் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கணக்கு வாத்தியாரான அப்பா தன் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, வரன் பார்த்துக்கொண்டிருந்தார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார் என்பதே சரி. வந்த பயோடேட்டாவையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேலைக்கு முப்பது, குடும்பத்துக்கு இருபத்தைந்து, படிப்புக்கு இருபத்தைந்து, உயரத்துக்குப் பத்து என்று மதிப்பெண் போடுவார். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருகிறவரா என்று அந்தந்தப் பங்குச் சாமியாரிடம் விசாரித்து அதற்கும் பத்து. முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்தவர் சிவப்பு எழுத்தில் கிடப்பார். ஏற்றி முடித்த காகிதங்கள் பழைய பேப்பர்காரரிடம் போய்விடும். எண்பத்தொன்று வாங்கி முதலிடத்தில் இருந்தவரை அடுத்த வாரம் வீட்டுக்கு அழைப்பதாக இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ் அப்பாவுக்கு. லினக்ஸ் எனக்கு, வைரஸ் வராது என்று வடபழனி மாமா போட்டுக்கொடுத்தது. பொத்தானை அழுத்தியதும் எது வேண்டும் என்று கேட்கும். பத்து விநாடி சும்மா இருந்தால் அப்பா பக்கம் போய்விடும். என் பக்கம் பழசாகி, ஒரு புது விளையாட்டும் ஓடவில்லை. வகுப்பு நண்பன் ஒருவன் புது லினக்ஸை பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தான். "பழச தூக்கிட்டு இத போடு மச்சி. இன்னா, இருவது நிமிசம்" என்றான். அவன் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது என்பதை நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சனிக்கிழமை, அப்பா டியூஷனுக்குப் போன நேரம் ஆரம்பித்தேன். பாதியில் இரண்டு வரி வந்து நின்றது. மேலே, பழைய லினக்ஸை மட்டும் எடுத்துவிட்டு இதை வை என்று. கீழே, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு இதை வை என்று. இப்போது சரளமாகச் சொல்கிறேன். அன்றைக்கு என் இங்கிலீஷ் முதல் வார்த்தையைத் தாண்டவில்லை. அத்தையைக் கூப்பிட்டேன். தலையில் ஈரத் துண்டோடு வந்து இரண்டு வரியையும் படித்தாள். மறுபடி படித்தாள். அப்பா எப்போது வருவார் என்று கேட்டாள். ஒரு மணி நேரமாவது ஆகும் என்றேன்.

"கீழ இருக்கறத அமுக்குடா. சுத்தமா இருக்கும்."

அமுக்கினேன். நூறு சதவீதம் ஆகும்வரை அத்தை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் எழுந்து எனக்கு டீகூடப் போட்டுக் கொடுத்தாள்.

அப்பா வந்து பொத்தானை அழுத்தினார். கம்ப்யூட்டர் அவரை ஒன்றுமே கேட்கவில்லை. நேராக என் புது லினக்ஸ் வந்து நின்றது.

"டேய், என் மாப்பிள்ளைங்க எங்கடா?"

ஸ்கேல் உடையும்வரை தேடினார், என் முதுகில். தியாகராய நகரில் டிஸ்க்கைத் தோண்டிப் பார்க்கும் கடைக்காரர் ஒருவர், இரண்டு நாள் தோண்டி என்னுடைய பழைய கார் ரேஸை மட்டும் மீட்டுக் கொடுத்தார். முதல் மாப்பிள்ளை எந்தப் பாடத்தில் எத்தனை எடுத்தார் என்பது அப்பாவுக்கு அப்படியே நினைவிருந்தது. பெயர் அந்தோணியா ஆரோக்கியமா, ஊர் எது என்பதில்தான் குழப்பம்.

நான் அத்தையைக் காட்டிக்கொடுக்கவில்லை. தரமணியில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்றாலும், பாவம், அவளுக்கும் இங்கிலீஷ் வராது போலிருக்கிறது என்று இரக்கப்பட்டேன். அவள் மானத்தைக் காப்பாற்றிய பெருமையில் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். முதுகை வளைக்க முடியாததும் ஒரு காரணம்.

மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க அப்பா சோர்ந்துபோயிருந்த சமயத்தில், தன்னோடு வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றி அத்தை மெல்ல எடுத்தாள். அப்பா ஒரு காகிதத்தில் மதிப்பெண் போட்டுப் பார்த்தார். முப்பத்தாறு. பாஸ்.

கல்யாணத்தன்று மாதா கோவில் வாசலில் அத்தை என்னை மாப்பிள்ளையிடம் காட்டி, "இவன்தான்" என்றாள். அவர் கோட்டும் மாலையுமாகக் குனிந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவேயில்லை. வாழ்த்த வந்தவர்கள் பின்னால் வரிசையில் காத்திருந்தார்கள். நன்றாகப் படிக்கிற பையன் என்று அத்தை சொல்லிவைத்திருக்கிறாள் போலும் என்று நினைத்து, நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.