எட்டாவது சனிக்கிழமை

மாநில எல்லைக்கோடு போட்டு முடித்தபோது சுற்றுப்பட்டில் பல ஊர்கள் மதராசோடு போயின. புத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அதற்காக எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். அடுத்த வருஷம் பெற்றவர்களே பிள்ளைகளைத் தெலுங்கு வகுப்பில் சேர்த்தார்கள். அவர்களை நான் திட்டமாட்டேன். சித்தூரில் பியூன் வேலைக்குப் போவதென்றாலும் தெலுங்கு வேண்டும். இவர் வகுப்பில் நாலு பிள்ளைகள் மிஞ்சினார்கள், பிறகு அந்த நாலும் இல்லை. இவரை யாரும் போகச் சொல்லவில்லை. தினமும் போய்க் காலி பெஞ்சுகளுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டு வந்தார்.

ஒருநாள் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. "நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினே இருக்குது" என்பார். திருப்பதியில் டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லையாம்! எனக்கு வாய் நீளம். "ஊர்ல யாருக்கும் இல்லாத துக்கம் உங்களுக்கு மட்டும் வந்துட்டுதா? எழுந்து வாங்க" என்று கத்தினேன். கத்தினால் எழுந்து வருகிற வியாதியா அது? அப்போது எனக்குத் தெரியவில்லை.

வேண்டுதலை எங்கள் பக்கம் மொக்கு என்போம். ஏழு சனிக்கிழமை நடந்தே திருமலை ஏறுவது, படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைப்பது என்று மொக்கிக்கொண்டேன். வரமாட்டேன் என்று சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை, அதனால் வந்தார். நான் மஞ்சள் தடவ, அவர் குனிந்து குங்குமம் வைப்பார். நிமிர்ந்து ஒரு படி, மறுபடி குனிய வேண்டும். முதல் வாரம் மூச்சு வாங்கி, வேட்டி நனைந்து, பாதி வழியில் காளி கோபுரத்தடியில் உட்கார்ந்தவர், "பசிக்குது" என்றார். அவசர அவசரமாகக் கட்டுசோற்றைப் பிரித்தேன். திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

வியாழக்கிழமைக்குள் முகம் தொங்கிப்போகும், சனிக்கிழமை தேறும். நாலாவது வாரம் வெள்ளிக்கிழமையே தானாகக் குங்குமப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். ஆறாவது வாரம் எனக்கு முன்னால் ஏறிப்போய், "இன்னாமே, ஆமை மாதிரி வர்றே" என்று கேலி பேசினார். ஏழாவது வாரம் முடி கொடுத்தார். நான் பெருமாளைப் பார்த்து அழுதேன்.

எட்டாவது சனிக்கிழமை, விடியும் முன்பே குளித்துவிட்டு, மொட்டைத் தலையில் ஈரத்துண்டோடு வாசலில் நின்றார்.

"போலாமா?"

"எங்க?"

"மலைக்குத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "மொக்கு தீந்துபோச்சி, முடியும் குடுத்தாச்சி. மறுபடியும் போயி நின்னா, நீ குடுத்தது பத்தலன்னு சாமிகிட்ட சொல்றா மாதிரி ஆயிடும். கம்முனு உக்காருங்க."

எங்களில் அப்படித்தான். தீர்ந்த மொக்கைத் தொடக்கூடாது. அவர் வேட்டியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று வாரத்தில் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எந்தப் படியில் மஞ்சள் விட்டுப்போனதோ என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். சாமிகுத்தம் என்று காணிப்பாக்கம் பிள்ளையார் கோவிலுக்குக் கூட்டிப்போனேன், வாசல்வரை பஸ்ஸில். இன்னும் நாலு கோவில், எல்லாம் பஸ்ஸில்தான். அவர் ஜன்னலோரம் மூட்டை மாதிரி உட்கார்ந்து வருவார்.

ஒரு வருஷத்துக்குமேல் ஆனது எனக்குப் புத்தி வர. அன்றைக்கு ஆற்றாமை தாங்காமல் கிணற்றில் இருபது குடம் சேந்தினேன். தோள் வலித்தது, நெஞ்சு கொஞ்சம் இளகியது. அப்போதுதான் உறைத்தது. பெருமாள் கொடுத்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதை இவர் கால் வழியாக அல்லவா கொடுத்தார்? அந்தக் காலைக் கட்டிப்போட்டவள் நான். பாவி நான்தான்.

மறுநாளே மலைப்படி தொடங்கும் அலிபிரிக்குக் கூட்டிப்போனேன். மொக்கு இல்லை, குங்குமம் இல்லை. முதல் படியில் நின்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒரே ஒரு படி ஏறுங்க, போதும்."

"நீ போயிட்டு வா. நான் இங்கியே உக்காந்துக்கினு இருக்கேன்."

கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில் ஒரு மரத்து நிழலில் உட்கார வைத்துவிட்டு, ஆத்திரத்தில் தனியாகவே ஏறினேன். நான் போவதைப் பார்த்தாவது பின்னால் வருவார் என்று நினைத்தேன். காளி கோபுரம்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வரவில்லை. இறங்கி ஓடிவந்தேன்.

உட்கார வைத்த இடத்திலேயே இருந்தார். நிழல் நகர்ந்து போயிருந்தது, கைநீட்டும் தூரம்தான். உச்சிவெயில் முழுதும் அவர் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. வேர்வை கண்ணில் வழிந்தும் துடைக்கவில்லை.

"ஏங்க, வெயில் சுடலையா?"

"சுடுது" என்றார்.