பொம்பளைங்க படம் தேடிப் போனேன்

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வருவதற்கு ஆறேழு வருஷம் முன்னால், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் நடந்தது இது. அன்றைக்கு இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு வகுப்பு எடுத்த யாழ்ப்பாணத்து டீச்சரம்மா. ரயில்பாதைக் கூலிகளை மேய்க்கும் மண்டோர். படம் காட்டும் மெஷின்காரர். பக்கத்து வீட்டு அக்கா. என் மனைவி, எட்டு மாதக் கர்ப்பிணி. லைனில் இருந்த மற்றப் பெண்கள். கூப்பிடாமல் வந்த ஆண்கள். நான்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, பத்து நாளுக்குள் போய்விட்டன. இரண்டும் வீட்டுப் பிரசவம். இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். மாட்டேன் என்றாள். அங்கே போனவள் திரும்ப மாட்டாள் என்று லைனில் பேச்சு. டீச்சரம்மாவும் வாராவாரம் வகுப்பில் சொல்லிப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை.

"சொன்னா இவையளுக்கு விளங்காது. கண்ணாலை காணவேணும்" என்றார் டீச்சரம்மா. "கதைப் படம் இல்லை. பெண்கள் பிள்ளை பெறுறதை உள்ளபடி எடுத்த படங்கள் இருக்காம். நீர்தான் தேடி எடுத்து வாரும்."

ரயில்வே வேலையில் எனக்கு பாஸ் உண்டு. அதனால் நான்.

கோலாலம்பூர் டவுனில் படம் வாடகைக்கு விடும் கடைக்கு முதலில் போனேன். பொம்பளைங்க படம் வேண்டும் என்றேன். கடைக்காரர் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, அதெல்லாம் முன்னுக்கு வைக்கிறதில்ல லா. பின்பக்கமா வாங்க."

நான் பின்பக்கம் போகவில்லை. அடுத்த கடையிலும் அதே சிரிப்பு. சுகாதார அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி கொசுப் படத்தை எடுத்து நீட்டினார். இது பெண்கள் படம் இல்லையே என்றேன்.

"கடிக்கிறது பொட்டைக் கொசுதாம்பா. எடுத்துட்டுப் போ."

மூன்று லீவு நாள் இப்படியே போயிற்று. நாலாவது வாரம் ரயிலேறிக் கிள்ளான் சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். அங்கேயும் ஒரு கிராணி. "பொம்பளைங்க என்னா செய்யிற படம்?" என்று கேட்டார்.

எரிச்சலில் கத்திவிட்டேன். "புள்ள பெறுற படம் சார்! ஆஸ்பத்திரியில புள்ள பெறுற படம்!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அலமாரியைத் திறந்தார். அங்கேயே இருந்தது. சொல்ல வெட்கப்பட்டு மூன்று வாரத்தைத் தொலைத்தவன் நான்தான்.

ஞாயிறு மதியம் கொட்டகை ஜன்னல்களில் சாக்குக் கட்டினோம். ஆண்கள் வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். இது பெண்களுக்கு, எழுந்து போங்கள் என்றேன்.

"திரை கட்டுன வேட்டி யாரோடது? என்னுது" என்றார் மண்டோர்.

டீச்சரம்மா பெண்களைத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார். வேட்டியை நனைத்துக் கட்டியிருந்ததால் அங்கேயும் படம் தெரிந்தது, இடம் வலம் மாறி. இங்கிலீஷ் எழுத்தெல்லாம் திரும்பியிருந்தது. எங்கள் பெண்களுக்கு நேராக இருந்தாலும் ஒன்றுதான்.

முழு வயிற்றோடு ஒரு வெள்ளைக்காரி கட்டிலில் படுத்ததும் மண்டோர் துண்டை உதறித் தோளில் போட்டார். "வேலை கெடக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை? அவர் பின்னாலேயே மற்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டு நழுவினார்கள்.

நர்ஸ் கை கழுவினாள். தொப்புள்கொடி அறுக்கும் கத்தியைக் கொதிநீரில் போட்டாள். பிள்ளை பிறந்தது. சுவரில் தேதித் தாள் ஒவ்வொன்றாகக் கிழிந்தது, பத்துத் தாள். அந்த அம்மாள் படுத்தே இருந்தாள். படம் முடிந்தது.

என்ன விளங்கியது என்று டீச்சரம்மா கேட்டார். கையைப் பற்றியோ கத்தியைப் பற்றியோ யாரும் வாய் திறக்கவில்லை.

"அந்தப் போர்வைய யாரு டீச்சர் தொவைக்கிறா? அவ்ளோ வெள்ளையா இருக்கு?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. கொட்டகையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வாரம் அலைந்தது போர்வைக்கா?

அப்போது என் மனைவி கேட்டாள். "டீச்சர், பத்து நாளும் படுத்தே இருக்கலாமா? எந்திரிச்சித் தண்ணி தூக்கச் சொல்ல மாட்டாங்களா?"

"எழும்பவே விடமாட்டினம், பிள்ளை."

"அப்ப நான் போறேன்."

அதற்குத்தான் போனாள். பிள்ளை தங்கியது.

அவளுக்கு இந்த ஊரில் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. பிரசவமான வீட்டில் தண்ணீர் யார் தூக்கினார்கள், சோறு யார் ஆக்கினார்கள் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. யாருக்காவது புத்தி சொல்ல வாயெடுத்தால், முதல் இரண்டு பிரசவத்தில் அவள் படுத்திருந்த நாட்களை இன்றைக்கும் எண்ணிக்கொள்கிறேன். இரண்டும் சேர்த்து ஐந்து.