மாமன் மடியில் ஒரு மசோதா

எனக்குக் காது குத்தியது குலசாமிக்காக என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்திரிகையிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. உண்மையில் என் காதைக் குத்துவது என்று முடிவெடுத்தது ஆசிரியர் சங்கத்தின் வட்டாரச் செயற்குழு. அதைத் தீர்மானமாக யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் என் அம்மாவின் வேலைக்கே உலை வைத்திருக்கும்.

அப்போது எனக்கு ஏழு வயது. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளியில் அம்மா தலைமையாசிரியை. தலைமை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் பள்ளியில் மொத்தமே இரண்டு டீச்சர்கள்தான். திண்டுக்கல்லிலிருந்து அம்மாவோடு தினமும் பஸ்ஸில் போய் நானும் அங்கேதான் படித்தேன். பிள்ளைகள் விடிவதற்கு முன்பே காட்டில் மல்லிகை பறித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருவார்கள். முதல் பாடத்தில் பாதிப் பேர் பெஞ்சில் தலையைச் சாய்த்துத் தூங்குவார்கள். அம்மா அவர்களை எழுப்பமாட்டாள்.

அந்த வருஷம் சட்டசபையில் ஒரு மசோதா வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பிள்ளைகள் குறைந்துபோன பள்ளிகளை மூடி, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்பது அதன் சாரம். எங்களுக்குப் பக்கத்துப் பள்ளி நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. சென்னையில் உட்கார்ந்து வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான். ஐந்து வயதுப் பிள்ளை லாரிகளுக்கு நடுவே புகுந்து ஓட வேண்டும் என்பது வரைபடத்தில் தெரியாது. எந்தத் தாயும் அப்படி அனுப்பமாட்டாள். பிள்ளைகள் பூக்காட்டிலேயே நின்றுவிடுவார்கள், அவ்வளவுதான்.

அம்மா சங்கத்தில் வட்டாரச் செயலாளர். எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. சபையில் எழுந்து, மசோதாவை அவசரமாக நிறைவேற்றாமல் தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று சொல்ல வேண்டும் என்பதுதான் சங்கத்தின் கோரிக்கை. அதற்காக அவர் வீட்டு வாசலில் பலமுறை காத்துக் கிடந்தார்கள். அவரும் ஒவ்வொரு முறையும் சிரித்த முகமாக மனுவை வாங்கி உதவியாளர் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார். இதற்கிடையில் கல்வி அதிகாரி ஒருவர், அரசு ஊழியர் அரசியல்வாதி வாசலில் போய் நின்றால் ‘பதினேழு பி’ பாயும் என்று எச்சரித்துவிட்டார். பதினேழு பி என்பது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. வீட்டில் அந்த வார்த்தை வந்தாலே அப்பா டி.வி.யை அணைத்துவிடுவார்.

அப்போதுதான் ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்த சங்கத்தின் வட்டாரத் தலைவர், நாங்கள் பெரிய சார் என்று கூப்பிடுகிறவர், என் காதைப் பார்த்தார்.

“பிள்ளைக்கு இன்னும் காது குத்தலையா டீச்சர்?”

குத்தவில்லை. பள்ளியில் என்னை மூளிக்காது என்றுதான் கூப்பிடுவார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும், அம்மாவுக்கோ என் தாய்மாமனோடு பேச்சே கிடையாது. மாமா நிலக்கோட்டையில் இங்கிலீஷ் மீடியம் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய மஞ்சள் வேன் அம்மாவின் பள்ளி இருக்கும் கிராமத்துக்குள் நுழைந்த அன்றைக்கு முறிந்த உறவு அது. அது அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் பிறந்த ஊர், இரண்டு பேரும் படித்த பள்ளி. வேன் வந்த பிறகுதான் அம்மாவின் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. அம்மாவின் பள்ளி மூடினால் மிச்சப் பிள்ளைகளில் பீஸ் கட்ட முடிகிறவர்களும் வேனில்தான் ஏற வேண்டும். போதாக்குறைக்கு மாமா எம்.எல்.ஏ.வுக்கு மிக வேண்டியவர்.

“தொகுதியில காதுகுத்துன்னா அவரு வராம இருக்க மாட்டாரு,” என்றார் பெரிய சார். “வந்தா பந்தியில உக்காரணும். கையில குழம்பு இருக்கையில செல்போன எடுக்க முடியாது. கறி விருந்துல பாதி இலையில எந்திரிக்கவும் முடியாது.”

“பதினேழு பி வந்தா யாரு பதில் சொல்றது?” என்றார் அப்பா.

“எம் பிள்ளைக்கு நான் காது குத்துறேன். அதுக்கு எந்த ஆபீசரு மெமோ குடுப்பாரு?” என்றாள் அம்மா.

ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் யாரையும் வாய் திறக்க விடமாட்டார். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். எம்.எல்.ஏ. சாப்பிடும் நேரத்தில் மாமா என்னை மடியில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். மடியில் பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது தாய்மாமன் எழுந்து போனால் சொந்தபந்தம் சும்மா விடாது.

வெற்றிலை பாக்குத் தட்டோடு அம்மா அண்ணன் வீட்டுப் படியேறினாள். மாமா தட்டை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூட அதிகமாகப் பேசவில்லை.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிறுமலை அடிவாரத்திலிருந்த எங்கள் குலசாமி கோயிலில். மறுநாள் சட்டசபை கூடுகிறது. காலையில் எனக்குத் தலை வாரிவிடும்போது அம்மா காதோரம் சொன்னாள்.

“நல்லா அழணும். மாமா கழுத்தக் கட்டிக்கிட்டு விடவே கூடாது. நான் வந்து தூக்குற வரைக்கும் அழணும், என்ன?”

நான் குழம்பிப்போனேன். உலகத்தில் எல்லாப் பிள்ளைகளிடமும் அழாதே என்றுதான் சொல்வார்கள். நானும் அழமாட்டேன் என்று வகுப்பில் சவால் விட்டிருந்தேன். ஏன் அழ வேண்டும் என்று கேட்டேன். “நீ அழுதாத்தான் நம்ம பள்ளிக்கூடம் இருக்கும்,” என்றாள். அப்படியானால் நான் அழுகையை நிறுத்தினால் உடனே யாரோ வந்து பள்ளியைப் பூட்டிவிடுவார்கள் என்று எனக்கு விளங்கியது.

எம்.எல்.ஏ. சொன்ன நேரத்துக்கு வரவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஆசாரி இரண்டு தடவை சொல்லிவிட்டார். கல்வி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், யாரும் அழைக்காமலே வந்து, பந்தல் ஓரமாகச் செல்போனும் கையுமாக நின்றார். அவரைப் பார்த்ததும் டீச்சர்களின் பேச்சு நின்றது. அப்பா சமையல்காரரிடம் போய், எரிகிற அடுப்பை எரிகிறதா என்று கேட்டுவிட்டு வந்தார். அம்மா என் தோளைப் பிடித்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகக் கார் வந்தது. மாமாவின் கார். அதிலிருந்துதான் எம்.எல்.ஏ.வும் இறங்கினார்.

“மொதல்ல காதுகுத்த முடிச்சிருவோம். சாரும் நானும் சேர்ந்தே சாப்பிடுறோம்,” என்றார் மாமா.

“வாங்கண்ணே. சாரு பசியோட வந்திருக்காரு, எல போட்டாச்சு. நல்ல நேரம் வேற முடியுது, நீங்க உக்காருங்க,” என்றாள் அம்மா. சொல்லும்போதே என்னைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டாள். பிள்ளையைக் கையில் கொடுத்த பிறகு மாமாவால் என்ன செய்ய முடியும்? மணையில் உட்கார்ந்தார்.

பந்தலில் டீச்சர்கள் வாளிகளைத் தூக்கினார்கள். யார் எதைச் சொல்வது என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒத்திகையே நடந்திருந்தது. சோறு வைக்கிறவர் நாலுவழிச் சாலையைச் சொல்ல வேண்டும். குழம்பு ஊற்றுகிறவர் பூக்காட்டைச் சொல்ல வேண்டும். மசோதாவில் எந்தப் பிரிவு, சபையில் என்ன கேட்க வேண்டும் என்பது ரசத்தோடு வரும் பெரிய சாரின் பொறுப்பு. “டீச்சர், வெஞ்சனத்த வச்சிட்டுச் சொல்லுங்க,” என்று எம்.எல்.ஏ. கேட்டுக்கொண்டாராம்.

ஆசாரி வலது காதைத் தொட்டார். சவாலெல்லாம் பறந்துவிட்டது. உயிர் போகிற மாதிரி கத்தினேன். மாமா என் வாயில் சர்க்கரையைப் போட்டு முதுகைத் தடவினார். அவருடைய பள்ளி மேனேஜர் வேகமாக வந்து குனிந்தார்.

“சார், டீச்சருங்க எல்லாரும் அவரச் சுத்தி நிக்கிறாங்க. நீங்க செத்த வாங்க.”

மாமா எழப் பார்த்தார். நான் அவர் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இன்னொரு காது இருக்குல்ல என்று பெரியம்மா ஒருத்தி அதட்டினாள். அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

“அழாத தாயி,” என்றார். பிறகு என் கவனத்தைத் திருப்பவோ என்னவோ, “ஒங்க பள்ளிக்கூடத்துல ரெண்டாப்பு சன்னல்ல ஒரு கம்பி இருக்காதே, இப்பவும் அப்படித்தானா?” என்று கேட்டார்.

நான் அழுதுகொண்டே தலையாட்டினேன்.

“லேட்டாப் போனா ஒங்கம்மாவத் தூக்கி அது வழியாத்தான் உள்ள விடுவேன். நான் வாசல்ல நின்னு அடி வாங்கிக்குவேன்.”

அம்மாவை ஒருவர் சன்னல் வழியாகத் தூக்கிப் போடுவதை நினைத்துப் பார்ப்பதற்குள் ஆசாரி இடது காதையும் முடித்துவிட்டார். மறுபடி கத்தினேன். ஆனால் வாயில் சர்க்கரை இருந்தது, காதில் புதுத் தோடு இருந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை தானாக நின்றுவிட்டது.

எனக்குப் பகீரென்றது. பந்தலைப் பார்த்தேன். பெரிய சார் ரச வாளியோடு இப்போதுதான் எம்.எல்.ஏ.வின் இலைக்கு வந்திருந்தார். அம்மா அங்கிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை இறுக்கி மூடி முக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. பள்ளிக்கூடத்தைப் பூட்டப்போகிறார்கள், எல்லாம் என்னால்தான். பயத்தில் அழுகை இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

மேனேஜர் திரும்பவும் வந்தார். “பாப்பாதான் அழுகைய நிறுத்திருச்சே சார். வாங்க.”

மாமா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அது காய்ந்திருந்தது. பந்தலைப் பார்த்தார். அங்கே அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். மாமா என் தலையைத் தன் தோளில் அழுத்தி, முகம் வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டார்.

“எங்கய்யா நிறுத்துச்சு? இன்னும் தேம்புது பாரு. நீ போ, நான் வாரேன்.”

நான் தேம்பவில்லை. மாமாவின் சட்டையில் சென்ட் வாசனையடித்தது, அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு சர்க்கரையைச் சப்பிக்கொண்டிருந்தேன். மேனேஜர் போய்விட்டு இன்னொரு தடவையும் வந்தார். பிள்ளைக்கு வலி பொறுக்கவில்லை என்று மாமா அப்போதும் அவரை அனுப்பிவிட்டார். எம்.எல்.ஏ. பாயசம் குடித்துக் கை கழுவப் போன பிறகுதான் என்னை இறக்கிவிட்டார்.

எம்.எல்.ஏ. அந்தக் கூட்டத்தொடரில் எழுந்து பேசினார். நாலுவழிச் சாலை, பூக்காடு என்று ஒன்று விடாமல், பரிமாறிய வரிசையிலேயே சொன்னார் என்று பெரிய சார் பூரித்துப்போனார். வேறு தொகுதிகளிலும் சங்கத்தார் இப்படி யார் யாரையோ பிடித்திருக்க வேண்டும், பலர் பேசினார்கள். மசோதா தேர்வுக் குழுவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. கல்வி அலுவலக ஆசாமி எடுத்த படங்களில் டீச்சர்கள் சோறு பரிமாறிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். சோறு போட்டதற்கு மெமோ கொடுக்க விதியில் இடமில்லை. அம்மாவின் பள்ளி இன்றும் இருக்கிறது. மாமாவின் வேனும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அன்று வீடு திரும்பும்போது அம்மா என்னை வாடகை வேனில் தன் மடியில் படுக்க வைத்துக்கொண்டாள்.

“எம்புட்டு நேரம் அழுதிருக்க, எந் தங்கம்.”

“இல்லம்மா, மாமாதான்...”

“அந்த மனுசன் பேச்ச எடுக்காத. எந்திரிக்க முடியாம எப்படித் தவிச்சிருப்பாரு, நல்லா வேணும்.”

அழாத பிள்ளையைப் பார்த்து அழுகிறது என்று சொல்கிற மனுசன் எப்படித்தான் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறாரோ என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே சந்தேகம்.