தலைகீழாய் விழுந்த முத்திரை

மிசோகுச்சி ரேடியோ கம்பெனி தொலைக்காட்சிப் பெட்டி செய்ய இறங்குவதா வேண்டாமா என்ற கேள்வியை ஒற்றை ஆளாய் அந்தரத்தில் தொங்கவிட்டவர் குராமிட்சு. இதைக் கேட்டால் ஏதோ பெரிய சண்டைக்காரர் என்று நினைப்பீர்கள். டிராமில் யாராவது அவர் காலை மிதித்துவிட்டால், மிதித்தவரிடம் இவர் மன்னிப்புக் கேட்பார். அப்படிப்பட்ட ஆள்.

ஒசாகாவில் எங்கள் தொழிற்சாலை சின்னது. முன்னூறு பேர் வேலை செய்தோம். குராமிட்சு அதில் பழுதுபார்க்கும் பிரிவின் தலைவர், அவருக்குக் கீழே பதினோரு பேர். போருக்கு முன்பே ரேடியோ பழகியவர். போரில் கடற்படைக் கப்பலில் தந்திக் கருவிகளோடு மல்லுக்கட்டினார். திரும்பி வந்து, எரிந்துபோன ஊரில் கைவண்டி தள்ளிக்கொண்டு வீடு வீடாய் ரேடியோ பழுது பார்த்தார். அந்த வண்டியைப் பார்த்துத்தான் முதலாளி மிசோகுச்சி அவரைக் கையோடு கூட்டிவந்தாராம். பேசவே மாட்டார். மதியம் சோற்றில் ஊறுகாய்ப் பிளம் ஒன்றை வைத்துத் தின்றுவிட்டு உடனே ஏதாவது ஒரு ரேடியோவின் வயிற்றைத் திறந்துவிடுவார்.

ஆனால் தொலைக்காட்சி என்றால் மனிதருக்குப் பைத்தியம். நிப்பொன்பாஷித் தெருக்கடைகளில் பழைய பட்டாளத்துச் சாமான்களை அள்ளிவந்து, வீட்டில் தானே ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். சாப்பாட்டுத் தட்டளவு வட்டத் திரை. அதில் எல்லாமே பச்சையாய்த் தெரியும். சுமோ நடக்கும் மாதங்களில் தெருவே அவர் வீட்டில் உட்கார்ந்து பச்சை மல்லர்கள் மோதுவதைப் பார்க்கும். அவர் மனைவி இசுஸு என்னிடம் ஒரு தடவை சொன்னாள்: "இந்தப் பொட்டியால என் வீட்டுப் பாயெல்லாம் கிழிஞ்சுபோச்சு. கம்பெனி ஒண்ணு ஒழுங்கா செஞ்சா, இதைத் தூக்கி வெளிய போடுவேன்."

குராமிட்சுவுக்கும் அதே ஆசைதான். கம்பெனியின் பெயர் போட்ட ஒரு பெட்டி தொழிற்சாலை வாசலைத் தாண்டிப் போவதை, தான் வேலையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். அவருக்கு ஐம்பத்தைந்து நிறையும் மார்ச் மாதக் கடைசியோடு ஓய்வு.

1958 டிசம்பரில் அதற்கு வழி பிறந்தது. பட்டத்து இளவரசருக்கு ஏப்ரலில் கல்யாணம் என்று அறிவித்ததும், ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் காட்டப்போகிறார்கள் என்று ஊரே அந்தப் பேச்சாய் இருந்தது. விற்பனைப் பிரிவின் தலைவர் ஓசாகோ குதித்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிப் பிரிவு இரண்டு மாதிரிப் பெட்டிகளை ஏற்கெனவே செய்து வைத்திருந்தது. மார்ச்சுக்குள் கடைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அவர் ஒரு சம்மதத் தாள் எழுதினார்.

சம்மதத் தாள் என்றால், கீழேயிருந்து மேலே மேசை மேசையாய்ப் போகும். ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தன் பெயர் செதுக்கிய முத்திரையைச் சிவப்பு மையில் தோய்த்துக் குத்துவார். எல்லாம் விழுந்த பிறகு முதலாளி கடைசியாய்க் குத்துவார். பிடிக்கவில்லை என்று யாரும் வாயால் சொல்வதில்லை. மிகவும் பொறுக்க முடியாவிட்டால் முத்திரையைத் தலைகீழாய்க் குத்துவார்கள். தடுக்கவில்லை, ஆனால் மனசில்லை என்று அதற்கு அர்த்தம். நான் பொது அலுவல் பிரிவில் இருந்த பத்து வருஷத்தில் அப்படி இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன். தாளை மேசை மேசையாய்த் தூக்கிக்கொண்டு போவது என் வேலை.

குராமிட்சுவிடம் போனபோது அவர் ஒரு கையில் ஈயம் பற்றவைக்கும் கம்பியும் இன்னொரு கையில் முத்திரையுமாக இருந்தார். பழைய முத்திரை கடையில் வாங்கியது. எந்தப் பக்கம் மேல் என்று விரலுக்குத் தெரிய அதில் ஒரு வெட்டு இருக்கும். ஓய்வு பெறும் வருஷமாயிற்றே என்று இசுஸு அவருக்குப் புதிதாய் ஒன்று செதுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். உயர்ந்த முத்திரையில் வெட்டு வைக்க மாட்டார்கள். குத்துமுன் ஒரு கணம் நிறுத்தி யோசிக்க வேண்டுமாம். குராமிட்சு யோசிக்கவில்லை. தலைப்பைப் பார்த்தார், முகம் மலர்ந்தது, குத்தினார், மறுபடி ரேடியோவுக்குள் தலையை விட்டுவிட்டார்.

நடையில் வந்து தாளைப் பார்த்தேன். குராமிட்சுவின் பெயர் தலைகீழாய் நின்றது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் என்றைக்கும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவள் இல்லை. ஆனால் அவரிடம் போய், "வேணும்னே குத்தினீங்களா, தெரியாம குத்தினீங்களா?" என்று எப்படிக் கேட்பது? வேண்டுமென்றே குத்தியிருந்தால் அவர் தைரியத்தை அவமதித்ததாகும். தெரியாமல் குத்தியிருந்தால் அவர் கவனக்குறைவைச் சுட்டிக்காட்டியதாகும். பேசாமல் அடுத்த மேசைக்கு எடுத்துப் போனேன். இன்றைக்கும் இதை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அடுத்தவர் கொள்முதல் தலைவர். தாளை வெகுநேரம் பார்த்தார். "குராமிட்சுவே இப்படிக் குத்தியிருக்காரா?" என்றார். தன் முத்திரையையும் கவிழ்த்துக் குத்தினார். கணக்குத் தலைவர் அவரைப் பார்த்து அப்படியே குத்தினார். குராமிட்சுவின் மேலதிகாரியான தொழிற்சாலைத் தலைவர் நிஷிவாகி, "அவன் காரணமில்லாம ஒரு திருகாணியக்கூடக் கழட்ட மாட்டான்" என்று சொல்லிக் குத்தினார். மாலையில் தாள் முதலாளி மேசைக்குப் போனபோது அதில் நாலு முத்திரைகள் தலைகீழாய் நின்றன.

மறுநாள் காலை எல்லாரையும் மேலே வரச் சொன்னார் முதலாளி. குராமிட்சுவைக் கூப்பிட நான்தான் போனேன். படியேறும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"குராமிட்சு சான், உங்க துணிச்சல் எனக்கு வராது" என்றேன்.

"என்ன துணிச்சல்?"

"முத்திரையக் கவுத்துக் குத்தினீங்களே."

அவர் நடுப்படியில் நின்றுவிட்டார். சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்து, விரலால் சுற்றிச் சுற்றித் தடவினார். முகம் வெளுத்துப்போயிற்று.

"மினேகோ சான், நான்... இது... ஐயோ. நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? அது மரியாதையா?"

"மேல போனதும் தப்பா விழுந்துடுச்சுன்னு சொல்லிடுறேன். ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

தேநீர் ஊற்றும் சாக்கில் நானும் அறைக்குள் இருந்தேன். அவர் வாய் திறக்குமுன்பே நிஷிவாகி எழுந்துவிட்டார்.

"முதலாளி, எனக்குத் தனியா அபிப்பிராயம் கிடையாது. குராமிட்சு குத்தினதப் பாத்துத்தான் நானும் குத்தினேன். முப்பது வருஷம் ரேடியோ பாத்த கை அது."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். குராமிட்சுவின் வாய் மூடிக்கொண்டது. தப்பாக விழுந்தது என்று இப்போது சொன்னால், அவர் பின்னால் வந்த மூன்று பேரும் முட்டாளாவார்கள். அதில் ஒருவர் அவர் மேலதிகாரி. சொல்லாவிட்டால் அவர் உயிராய் ஆசைப்பட்ட பெட்டி அன்றோடு போச்சு. பாவம், அவர் கழுத்தில் வேர்வை ஓடியதை நான் பார்த்தேன்.

"சொல்லுங்க குராமிட்சு" என்றார் முதலாளி. "ஏன் வேண்டாம்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார். ரேடியோ கெட்டால் கடைக்குத் தூக்கிவருவார்கள். தொலைக்காட்சியை இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும், அதனால் நாம்தான் வீட்டுக்குப் போக வேண்டும். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போட்டால் மின்சாரம் இறங்குகிறது, படம் சுருங்குகிறது. மழைக்காலத்து ஈரத்தில் பெட்டிக்குள் மின்சாரம் கசிகிறது. சொல்லச் சொல்ல அவர் குரல் தெளிந்தது. தலையும் நிமிர்ந்தது.

"இதெல்லாம்கூடப் பரவாயில்ல முதலாளி. ரேடியோக்காரன் விரலால தொட்டுப் பாத்தே பழகினவன். என் பதினோரு பேரும் அப்படித்தான், நானும் அப்படித்தான். இதுல படக்குழாய்க்குப் போற மின்சாரம் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல. அணைச்ச பிறகும் உள்ளேயே தங்கியிருக்கும். என் வீட்டுப் பொட்டி சின்னது, அதுவே என்னை ரெண்டு தடவ சுவத்துல தூக்கி அடிச்சிருக்கு. பழக்கத்துல விரல வச்சான்னா, என் ஆளு ஒருத்தன் யாரோ ஒருத்தர் வீட்டுல செத்துக் கிடப்பான்."

ஓசாகோ விரல்களால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப தொலைக்காட்சி நமக்கு வேண்டாங்கிறீங்க" என்றார் முதலாளி.

"இல்ல!" குராமிட்சு கத்தியதை நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். பிறகு எழுந்து, மேசையில் நெற்றி படுமளவுக்குக் குனிந்தார். "இந்தக் கம்பெனியில என்னை மாதிரி அதுக்கு ஆசைப்பட்டவன் யாரும் இல்ல. முத்திரை தெரியாம விழுந்துடுச்சு. புதுசு. வெட்டு இல்ல. மன்னிக்கணும்."

நிஷிவாகி மெதுவாய்த் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதிசயமா இருக்கு" என்றார். "எனக்கும் நேத்துலேருந்து கண்ணு சரியில்ல. என்னுதும் தெரியாம விழுந்ததுதான்."

"என் அறையில வெளிச்சம் போதல" என்றார் கொள்முதல் தலைவர்.

"நானும் கவனிக்கல" என்றார் கணக்குத் தலைவர்.

முதலாளி நாலு பேரையும் வரிசையாய்ப் பார்த்தார். "என் கம்பெனியில நாலு பேருக்குக் கண்ணு தெரியாது. நான் கண்ணால பாக்கிற சாமான் செஞ்சு விக்கப் போறேன்" என்றார். முதலில் சிரித்தவர் ஓசாகோ. அப்புறம் அறையே சிரித்தது. நான் தேநீரைத் தட்டில் ஊற்றிவிட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் முதலாளி விடவில்லை.

"முத்திரை தப்பு. சரி. சொன்ன காரணமும் தப்பா?"

"இல்ல."

"கல்யாணத்துக்கு முன்னால, மார்ச்சுக்குள்ள, நாம இத ஒழுங்கா செய்ய முடியுமா?"

எல்லாரும் அவரைப் பார்த்தோம். மார்ச்சில் அவருக்கு ஓய்வு என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். முடியும் என்று ஒரு வார்த்தை போதும். அவரைத் தப்பு சொல்ல ஆளில்லை. சொல்லிடுங்க, சொல்லிடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"முடியாது" என்றார்.

"எப்ப முடியும்?"

"என் ஆளுங்க பதினோரு பேருக்கும் நான் சொல்லிக் குடுக்கணும். மார்ச் வரைக்கும் அதுக்கே சரியாப் போகும். அப்புறம் மழைக்காலத்துல மாதிரிப் பொட்டிகள ஓடவிட்டுப் பாக்கணும். இலையுதிர்காலத்துல முடியும்."

"அப்ப நீங்க இங்க இருக்க மாட்டீங்க."

"தெரியும்."

தாளில் மார்ச் என்பதை அடித்து அக்டோபர் என்று எழுதி, முதலாளி தன் முத்திரையைக் குத்தினார்.

கல்யாண ஊர்வலத்துக்கு முன்பே மற்ற கம்பெனிகளின் பெட்டிகள் ஊரெங்கும் விற்றன. ஓசாகோ குராமிட்சுவை மன்னிக்கவே இல்லை. மார்ச் மாத வழியனுப்பு விருந்தில்கூட அவருக்கு எதிரில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவர் கிண்ணத்தில் மட்டும் மது ஊற்றிக்கொண்டிருந்தார். ஆனால் ஜனவரியிலிருந்து மார்ச்வரை பழுதுபார்க்கும் பிரிவில் குராமிட்சு போட்ட கூச்சல் மாடி வரைக்கும் கேட்டது. வாயே திறக்காத மனிதர், யாராவது விரலை நீட்டினால் மரக்கட்டையால் அந்த விரலிலேயே தட்டினார். வயதில் அவரை ஒத்தவர்கள்கூட அடி வாங்கினார்கள்.

அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, முதல் லாரி கிளம்பியது. நாற்பது பெட்டிகள். எல்லாரும் வாசலில் கூடியிருந்தோம். சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு மனிதர், தோளில் துண்டும் கையில் குளியல் வாளியுமாக நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப்போனேன்.

"குராமிட்சு சான், இங்க என்ன பண்றீங்க?"

"குளிக்கப் போறேன்."

பொதுக் குளியல் கூடம் அவர் வீட்டிலிருந்து மூன்றாவது வாசல். எங்கள் தொழிற்சாலைக்கு அங்கிருந்து டிராமில் அரை மணி நேரம்.

எனக்கு அழுகையும் சிரிப்புமாய் வந்தது. அதற்குள் பின்னாலிருந்து ஓசாகோவின் குரல் கேட்டது. பத்து மாதத்தில் அவர் குராமிட்சுவிடம் பேசிய முதல் பேச்சு.

"அங்க நின்னு என்ன வேடிக்கை? லாரில எறக்க ஒரு ஆள் குறையுது. ஏறுங்க."

ஆள் ஒன்றும் குறையவில்லை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை ஓசாகோ அப்போதுதான் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டிருந்தார். குராமிட்சு எங்களுக்கெல்லாம் ஒரு தடவை குனிந்து வணக்கம் சொன்னார். வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நாற்பது பெட்டிகளோடு லாரி வாசலைத் தாண்டி அமகசாக்கிப் பக்கம் திரும்பியது. குளிக்கப் போனவரைக் காணோமே என்று இசுஸு சாயங்காலம் கம்பெனிக்குத் தொலைபேசியில் கேட்டாள். வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன்.